கரிக்குள் மடிந்திருக்கும் கால் ஏக்கர்: தாவரக் கழிவால் சாயநீரைத் தெளியவைப்பது எப்படி?

வெள்ளைப் பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, துணியை ஊறவைக்கும் சாயநீரான குளியலில் கலக்கும் சாயம் முழுவதும் துணியில் சேர்ந்துவிடுவதில்லை. ஒரு பகுதி பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பை உண்டாக்கிக்கொண்டு நிலையாகத் தங்குகிறது. இன்னொரு பகுதி சுற்றியிருக்கும் நீரோடே வினைபுரிந்து, இனி எந்த இழையோடும் பிணைய முடியாத நிலையை அடைகிறது. சாயத்தின் வகையையும் சாயமேற்றும் முறையையும் பொறுத்து, இப்படி வீணாவது 10 முதல் 40 விழுக்காடு வரை இருக்கலாம். துணியை அலச அலச அது நீரோடு வெளியே வருகிறது. அத்துடன், சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவதற்காகக் குளியலில் கொட்டிய உப்பும், பிணைப்பு நிகழ்வதற்காகச் சேர்த்த சோடா என்னும் காரப்பொருளும் ஏறக்குறைய முழுமையாக வெளியேறுகின்றன. அடர்ந்த நிறம் வேண்டுமானால் ஒரு லிட்டர் குளியலுக்கு 60 முதல் 100 கிராம் வரை உப்பு தேவைப்படும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். இந்த உப்பு பின்னால் பெரிய கேள்வியாகத் திரும்ப வரும்.

இந்த நீர் ஆற்றில் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நொய்யலைவிடத் தெளிவான சான்று இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் இந்த ஆறு, திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர்ந்த காலத்தில் சாயக்கழிவின் வடிகாலாக மாறியது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. நீரைத் தேக்கவே வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை உண்டானது. விவசாயிகள் தொடுத்த வழக்குகளின் முடிவில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் மீட்டுப் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்த ஆலைகள்தாம் மீண்டும் இயங்க முடிந்தது.

அதே நிலப்பகுதியில், திருப்பூருக்கு அருகிலுள்ள காங்கேயம் வட்டாரத்தில், தேங்காய் உடைத்துக் கொப்பரை காயவைக்கும் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. அங்கே மலைபோல் சேரும் தேங்காய்த் தொட்டி, அதாவது கொட்டாங்குச்சி, நீரில் கரைந்த சாயத்தைப் பிடிக்கும் பொருளாக மாறக்கூடியது. சந்தையில் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்ற பெயரில் விற்கப்படும் கிளர்வூட்டிய கரி அதிலிருந்துதான் பெருமளவில் செய்யப்படுகிறது. இந்தக் கரி சாயத்தை எப்படிப் பிடிக்கிறது, எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதை வேதியியல் படிக்காதவரும் விளங்கிக்கொள்ளும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிடிக்காதவற்றைச் சொல்லும் பகுதியே முக்கியமானது என்று நான் கருதுகிறேன். பரவலாக எழுதப்படும் குறிப்புகளில் அதுதான் விடுபட்டுப்போகிறது.

சாயத்தை நீரிலிருந்து நீக்குவது ஏன் கடினம்?

துணியை வெயிலில் காயவைத்தாலும், சோப்புப் போட்டுத் துவைத்தாலும், வியர்வை பட்டாலும் நிறம் மாறக்கூடாது என்பதற்காகவே செயற்கைச் சாயங்கள் உருவாக்கப்படுகின்றன. துணியில் நமக்கு வேண்டியிருக்கும் அந்த உறுதியே கழிவுநீரில் எதிரியாகிறது. வீட்டுச் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் முறையில், காற்றூட்டிய தொட்டிகளில் வளரும் நுண்ணுயிரிகள் கரிமக் கழிவைத் தின்று தீர்க்கின்றன. ஆனால் சாய மூலக்கூறுகளில் பலவற்றை அவற்றால் எளிதில் உடைக்க முடிவதில்லை. காற்றில்லாத சூழலில் வளரும் நுண்ணுயிரிகள் அசோ வகைச் சாயங்களின் நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் பிணைப்பை அறுத்து நிறத்தைப் போக்கிவிடும்; எனினும் அப்போது உண்டாகும் அரோமாட்டிக் அமீன்கள் என்னும் நைட்ரஜன் சேர்மங்களில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. நிறம் போய்விட்டது என்பதாலேயே நஞ்சு போய்விட்டது என்று சொல்ல முடியாது.

சாயம் நீரில் கரைந்திருப்பதால் சாதாரண வடிகட்டியும் உதவாது. மணலும் துணியும் மிதக்கும் துகளைத்தான் தடுக்கும். கரைந்த மூலக்கூறு அவற்றின் இடைவெளி வழியாக நழுவிப் போய்விடும். ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் அளவுக்குச் சாயம் இருந்தாலே, பல நிறங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடர்ந்த சாயநீர் குளத்தில் சேரும்போது சூரிய ஒளி ஆழத்துக்கு இறங்காமல் தடைபடுவதால், நீருக்குள் வாழும் பாசிகளும் தாவரங்களும் உணவு தயாரிக்க முடியாமல் போகின்றன.

ஆகவே நமக்குத் தேவைப்படுவது கரைந்த மூலக்கூறுகளை நீரிலிருந்து தன்பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும் ஒரு பரப்பு.

பரப்பில் ஒட்டிக்கொள்ளுதல்

ஒரு பஞ்சு நீரை உள்ளிழுப்பதற்கும் கரி சாயத்தைப் பிடிப்பதற்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. பஞ்சில் நீர் உள்ளெங்கும் பரவுகிறது. கரியிலோ சாய மூலக்கூறு கரியின் திண்மப் பகுதிக்குள் புகுவதில்லை. அதன் பரப்பின் மீது ஒட்டி நிற்கிறது. இதைப் பரப்புக் கவர்ச்சி என்பார்கள். ஒட்டுவது பரப்பில் மட்டுமே நிகழ்வதால், எவ்வளவு பரப்பு இருக்கிறதோ அதைப் பொறுத்தே எவ்வளவு சாயத்தைப் பிடிக்கலாம் என்பது அமைகிறது.

கிளர்வூட்டிய கரியின் சிறப்பு இந்தப் பரப்பில்தான் இருக்கிறது. நல்ல கரி ஒரு கிராம் எடுத்தால், அதன் உள்துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துக் கணக்கிட்ட பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரும். அதாவது கால் ஏக்கர் நிலம். ஒரு கரண்டிக்குள் அடங்கும் தூளுக்குள் பல ஏக்கர் மடிந்து கிடக்கிறது. கரியை இடித்துப் பொடியாக்குவதால் மட்டும் இவ்வளவு பரப்பு கிடைத்துவிடாது. இடிப்பது வெளிப்பரப்பைத்தான் கூட்டும். நாம் பேசும் பரப்பில் மிகப் பெரும்பகுதி, கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாத உள்துளைகளில் இருக்கிறது. இத்துளைகளை மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: 2 நானோமீட்டருக்குக் குறைவான அகலமுள்ளவை நுண்துளைகள், 2 முதல் 50 வரை இடைத்துளைகள், அதற்கும் மேற்பட்டவை பெருந்துளைகள். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

சாயம் ஏன் அந்தச் சுவரில் ஒட்ட வேண்டும்? கரியின் உட்சுவர், கரிம அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய மெல்லிய தாள்களால் ஆனது. சாய மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றில் பென்சீன் வளையங்கள் உள்ளன. அவையும் தட்டையான அறுகோணங்களே. இவ்விரண்டு தட்டைப் பரப்புகளும் நெருங்கும்போது அவற்றின் எலக்ட்ரான் மேகங்களுக்கிடையே ஓர் ஈர்ப்பு உண்டாகிறது. அதனுடன், நீரோடு அவ்வளவாக ஒட்டாத மூலக்கூறுப் பகுதிகள் நீரைவிட்டு விலகிக் கரியின் பக்கம் சேரும் போக்கும் உண்டு. இவையெல்லாம் தனித்தனியே மென்மையான விசைகள்தாம். ஆனால் பெரிய மூலக்கூறு ஒன்றின் முழு நீளத்திலும் சேர்ந்து செயல்படும்போது, அதை எளிதில் பிரிக்க முடியாத அளவுக்கு வலுப்பெறுகின்றன.

கரிக்கு இந்த ஆற்றல் உண்டு என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1785-இல் டோபியாஸ் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர், மரக்கரி கரைசல்களின் நிறத்தை நீக்குவதைக் கவனித்தார். அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் ஐரோப்பியச் சர்க்கரை ஆலைகள் பழுப்பு நிறப் பாகை வெளுக்க மரக்கரியையும், பிறகு எலும்புக் கரியையும் பயன்படுத்தத் தொடங்கின. நீராவியாலும் உலோகக் குளோரைடுகளாலும் கரியைக் கிளர்வூட்டும் முறைகளுக்கு ரஃபேல் வான் ஆஸ்ட்ரெய்கோ 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்காகத் தேங்காய்த் தொட்டியும் பீச் பழக்கொட்டையும் கரியாக்கப்பட்டன. தாவரக் கழிவு தொழிற்பொருளாகப் பெருமளவில் மாறியது அப்போதுதான்.

தொட்டியிலிருந்து கரி வரை

செய்முறையில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில், காற்று புகாத கலத்தில் தொட்டியை 400 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். நீரும், எளிதில் ஆவியாகும் பொருள்களும், தாரும் வெளியேறிக் கரிமம் மிஞ்சுகிறது. காற்று இருந்தால் அது எரிந்து சாம்பலாகிவிடும் என்பதால்தான் காற்றை விலக்குகிறோம். இப்படிக் கிடைக்கும் சாதாரணத் தொட்டிக் கரியில் துளைகள் ஓரளவு இருந்தாலும், பல துளைகள் தாரால் அடைபட்டிருக்கும். அதன் பரப்பு மிகக் குறைவு.

இரண்டாம் கட்டமே கிளர்வூட்டல். 800 முதல் 1,000 டிகிரி வரை சூடேறிய கரியின் மீது நீராவி செலுத்தப்படுகிறது. நீராவி கரிமத்தோடு வினைபுரிந்து, கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறி வெளியேறுகிறது. அதாவது கரியின் ஒரு பகுதியை நீராவி அரித்துத் தின்றுவிடுகிறது. முதலில் துளைகளை அடைத்திருந்த ஒழுங்கற்ற கரிமம் போகிறது, பிறகு துளைகளின் சுவர்கள் தேய்ந்து புதிய வழிகள் திறக்கின்றன. எவ்வளவு நேரம் அரிக்கவிடுகிறோம் என்பதில் கைத்தேர்ச்சி தேவை. குறைவாக அரித்தால் பரப்பு போதாது. அளவு மீறினால் சுவர்களே இடிந்து, சிறு துளைகள் பெரிதாகிப் பரப்பு மீண்டும் குறையத் தொடங்கும். ஏறத்தாழ நான்கு கிலோ தொட்டியிலிருந்து ஒரு கிலோ கரி கிடைக்கிறது. அந்தக் கரியிலும் பாதிக்கு மேல் நீராவியில் கரைந்துபோகலாம். ஆகவே ஒரு கிலோ கிளர்வூட்டிய கரிக்குப் பின்னால் சுமார் பத்து கிலோ தொட்டி இருக்கிறது என்று மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மற்றொரு வழி வேதிமுறைக் கிளர்வூட்டல். உலர்ந்த தாவரக் கழிவைப் பாஸ்பாரிக் அமிலம், துத்தநாகக் குளோரைடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற ஏதாவதொன்றில் ஊறவைத்து, பிறகு சூடாக்குவார்கள். பாஸ்பாரிக் அமிலத்துக்கு 400 முதல் 600 டிகிரி போதும். வெப்பம் குறைவு, விளைச்சல் அதிகம், இடைத்துளைகளும் நன்றாக உருவாகும். ஆனால் முடிவில் அந்த வேதிப்பொருளைக் கழுவி எடுத்தே ஆக வேண்டும். துத்தநாகம் கலந்த அந்தக் கழுவுநீரை எங்கே விடுவது என்ற கேள்விக்கு விடை இல்லாத முறையைச் சுற்றுச்சூழல் தீர்வு என்று அழைப்பது சரியாகாது. சாயநீரைச் சுத்தம் செய்வதற்காக உலோகக் கழிவுநீரை உண்டாக்கினால், ஆற்றுக்குக் கிடைத்த நன்மை என்ன? இதே நேர்மையோடு, திறந்த குழிகளில் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கும்போது எழும் புகையையும், தாரும் அணைக்கும் நீரும் மண்ணில் இறங்குவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூடிய கலத்தில் சுட்டு, வெளியேறும் வாயுவையே எரிபொருளாக்கிக்கொள்ளும் ஆலைகளில் இந்தத் தீங்கு பெருமளவு குறைகிறது.

தொட்டி மட்டும்தானா என்றால், இல்லை. கரிமம் மிகுந்த எந்தத் தாவரக் கழிவையும் கரியாக்கலாம்: கடலைத் தோல், பருத்திமார், கரும்புச் சக்கை, புளியங்கொட்டை, மாங்கொட்டை ஓடு, சீமைக்கருவேல மரத்துண்டு. தென்னை நார்த்தூளிலிருந்து செய்த கரி சாயங்களைப் பிடிப்பது குறித்துக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் விரிவான ஆய்வுகள் நடந்துள்ளன. ஆயினும் எல்லாம் ஒரே தரத்தில் வருவதில்லை. தேங்காய்த் தொட்டியில், மரத்துக்குக் கடினத்தைத் தரும் லிக்னின் மிகுதி, சாம்பல் மிகக் குறைவு. ஆகவே அதன் கரி கடினமாக, குருணையாகவே நிற்கிறது, பலமுறை கழுவினாலும் உடைவதில்லை. நெல் உமியில் சிலிக்கா மிகுதி. எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அந்தச் சிலிக்காவைக் காரத்தில் கரைத்து எடுத்தால்தான் உமிக்கரிக்கு நல்ல பரப்பு கிடைக்கும். கடலைத் தோல், சக்கை போன்ற மெல்லிய பொருள்களின் கரி எளிதில் நொறுங்குவதால், அவற்றைப் பொடியாகவே பயன்படுத்த வேண்டியிருக்கும்.

எந்தக் கரிக்கு எந்தச் சாயம்?

பரப்பு அதிகம் என்ற ஒன்றை மட்டும் பார்த்துக் கரியைத் தேர்ந்தெடுப்பதுதான் இத்துறையில் புதிதாக நுழைவோர் செய்யும் முதல் தவறு. துளையின் வாய், உள்ளே நுழைய வேண்டிய மூலக்கூறைவிட அகலமாக இருக்க வேண்டும். கால் ஏக்கர் பரப்பு இருந்தும், அதற்குள் செல்லும் வழி சாயத்துக்கு மூடியிருந்தால் பயனில்லை.

கரி விற்போர் சொல்லும் ‘அயோடின் எண்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்பதே அந்த எண். தேங்காய்த் தொட்டிக் கரியில் அது 900 முதல் 1,100 வரை இருப்பது வழக்கம். ஆனால் அயோடின் மூலக்கூறு மிகச் சிறியது. மிகக் குறுகலான நுண்துளைக்குள்ளும் அது புகுந்துவிடும். திருப்பூரில் கறுப்பு நிறத்துக்குப் பெரிதும் பயன்படும் ரியாக்டிவ் பிளாக் 5 போன்ற சாயத்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 990. அயோடினின் மூலக்கூறு எடை 254. தொட்டிக் கரியில் நுண்துளைகளே மிகுதி என்பதால், குடிநீர் வடிகட்டியிலும் வாயுக்களைப் பிடிப்பதிலும் பொன் பிரித்தெடுப்பதிலும் அது சிறந்து விளங்குகிறது. ஆனால் பெரிய சாய மூலக்கூறுகளுக்கு, இடைத்துளைகள் மிகுந்த, பாஸ்பாரிக் அமிலத்தால் செய்த மரக்கரி அதைவிட நன்றாக உதவக்கூடும். ஆகவே சாயநீருக்குக் கரி வாங்குபவர் அயோடின் எண்ணோடு, மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை வைத்து அளக்கும் மெத்திலீன் நீல எண்ணையும், சர்க்கரைப் பாகை வைத்து அளக்கும் மொலாசஸ் எண்ணையும் கேட்க வேண்டும். பின்னது, பாகின் நிறமிகள் போன்ற பெரிய மூலக்கூறுகளைக் கரி எவ்வளவு பிடிக்கும் என்பதைக் காட்டுகிறது.

அளவைப் போலவே மின்னூட்டமும் முக்கியம். மெத்திலீன் நீலம் நீரில் நேர்மின் அயனியாகக் கரைகிறது. ரியாக்டிவ் சாயங்களோ, அவற்றிலுள்ள சல்போனேட் தொகுதிகளால் எதிர்மின் அயனிகளாகக் கரைகின்றன. கரியின் பரப்பும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவுக்கு ஏற்றபடி மின்னூட்டம் பெறுகிறது: ஒவ்வொரு கரிக்கும் ஒரு நடுநிலைப் புள்ளி உண்டு, நீரின் பி.எச். அதற்கு மேல் சென்றால் பரப்பு எதிர்மின் தன்மையையும், கீழே இறங்கினால் நேர்மின் தன்மையையும் அடையும். சாயப்பட்டறையிலிருந்து வரும் நீரில் சோடா கலந்திருப்பதால் அதன் பி.எச். 10-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்த நிலையில் கரியும் எதிர்மின், சாயமும் எதிர்மின். இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. நீரில் ஏற்கெனவே இருக்கும் உப்பு இந்த விலக்கலை ஓரளவு மறைத்துக் கரிக்கு உதவுகிறது என்பது உண்மை. ஆனாலும் காரத்தைக் குறைக்காமல் நல்ல பலனை எதிர்பார்க்க முடியாது.

99 விழுக்காடு என்று சொன்னால்

தாவரக் கழிவுக் கரியைப் பற்றி உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்துள்ளன. அவற்றில் பலவும் ‘99 விழுக்காடு சாயம் நீக்கப்பட்டது’ என்று முடிகின்றன. இந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது, கரியைப் பற்றித் தெரிந்துகொள்வதில் பாதி.

ஒரு லிட்டரில் 100 மில்லிகிராம் சாயம் உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். முதல் ஆய்வாளர் அதில் 10 கிராம் கரியைப் போட்டு 99 விழுக்காட்டை நீக்குகிறார். அவருடைய கரி, ஒரு கிராமுக்கு 9.9 மில்லிகிராம் சாயத்தைத்தான் பிடித்திருக்கிறது. இரண்டாமவர் 0.4 கிராம் கரியைப் போட்டு 80 விழுக்காட்டை நீக்குகிறார். அவருடைய கரி, ஒரு கிராமுக்கு 200 மில்லிகிராமைப் பிடித்திருக்கிறது. விழுக்காட்டை மட்டும் பார்த்தால் முதலாவது சிறந்ததாகத் தோன்றும்; உண்மையில் இரண்டாவது கரி பல மடங்கு ஆற்றல் கொண்டது. ஆகவே விழுக்காட்டுக்கு முன், எவ்வளவு கரிக்கு எவ்வளவு சாயம் என்று கேட்க வேண்டும்.

அடுத்து, எந்தச் சாயத்தை வைத்துச் சோதித்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆய்வகங்களில் பெரிதும் பயன்படுவது மெத்திலீன் நீலம். அது தட்டையானது, ஓரளவு சிறியது, நேர்மின் தன்மை உடையது. எந்தக் கரியும் அதை விரும்பிப் பிடிக்கும். பருத்தி ஆலைக் கழிவில் இருப்பதோ எதிர்மின் தன்மையுள்ள பெரிய ரியாக்டிவ் சாயங்கள். மேலும் ஆய்வகத்தில் வாலைவடி நீரில் ஒரே சாயத்தைக் கரைக்கிறார்கள். ஆலையில் பல சாயங்களும், ஈரமூட்டிகளும், ஸ்டார்ச்சும், மென்மையூட்டிகளும் கலந்து, கரியிலுள்ள இடத்துக்கு ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. ரியாக்டிவ் சாயத்தை வைத்தே சோதித்து, பி.எச். 2-இல் சிறந்த பலன் கிடைத்தது என்று எழுதும் கட்டுரைகளும் உண்டு. அவை அறிவியல்படி சரியே. ஆனால் லட்சக்கணக்கான லிட்டர் கார நீரை அந்த அளவுக்கு அமிலமாக்கி, பிறகு மீண்டும் நடுநிலைக்குக் கொண்டுவந்தால், ஊற்றிய அமிலமும் காரமும் முழுவதும் உப்பாக மாறி அதே நீரில் சேரும்.

மூன்றாவது, சமநிலை. கரி சாயத்தைப் பிடிப்பது ஒருவழிப் பாதை அல்ல. மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டும் விலகிக்கொண்டும் இருந்து, ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகின்றன. நீரில் எஞ்சிய சாயம் மிகுதியாக இருக்கும்போது கரி அதிகமாகப் பிடிக்கும். நீர் தெளியத் தெளிய, அதே கரி பிடித்துவைத்துக்கொள்ளும் அளவு குறையும். நிறத்தின் கடைசிச் சாயலை நீக்குவது, முதல் பாதியை நீக்குவதைவிடச் செலவு மிக்கதாக இருப்பதற்கு இதுவே காரணம். நீர்த்தொட்டியில் கரியைப் போட்டுக் கலக்குவதைவிட, குருணைக் கரியை உயரமான உருளையில் நிரப்பி, அதன் வழியாக நீரைச் செலுத்துவது சிக்கனமாக இருப்பதற்கும் இதுவே காரணம். உருளையின் நுழைவாயிலில் உள்ள கரி எப்போதும் அடர்ந்த சாயநீரைச் சந்திப்பதால் முழுக் கொள்ளளவையும் எட்டுகிறது; கடைசியில் உள்ள புதிய கரி, எஞ்சிய சிறிதளவையும் பிடித்துவிடுகிறது. நிரம்பிய பகுதி மெல்ல மெல்ல முன்னேறி, வெளிவாயிலில் நிறம் தெரியத் தொடங்கும்போது கரியை மாற்ற வேண்டும்.

இப்போது ஓர் ஆலைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம், கரியின் கொள்ளளவு கிராமுக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். சாயம் 100 கிலோ. கரி தினமும் ஒரு டன். அதற்குத் தேவையான தொட்டி ஏறத்தாழ பத்து டன். இந்தக் கணக்கைப் போட்ட எவரும் கரியை முதல் கட்டச் சுத்திகரிப்பாகப் பரிந்துரைக்கமாட்டார். நுண்ணுயிரிச் சுத்திகரிப்பும் வீழ்படிவாக்கலும் தம் பங்கை முடித்த பிறகு எஞ்சும் நிறத்தைத் துடைத்தெடுப்பதே கரிக்குப் பொருத்தமான வேலை.

கரி தொடாத உப்பு

தொடக்கத்தில் சொன்ன உப்பு இங்கே திரும்ப வருகிறது. சோடியம், குளோரைடு, சல்பேட் ஆகிய அயனிகள் சிறியவை. நீர் மூலக்கூறுகளால் இறுக்கமாகச் சூழப்பட்டவை. கரியின் சுவர் அவற்றை ஏறக்குறைய தொடுவதே இல்லை. சாயநீர் கரி உருளையிலிருந்து கண்ணாடிபோல் தெளிந்து வெளிவந்தாலும், அதில் கரைந்த உப்பு அப்படியே இருக்கும். நொய்யல் படுகையின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்ததில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நிறமற்ற உப்புநீரைப் பாய்ச்சினாலும் மண் இறுகும், பயிர் வாடும். தெளிந்த நீரைக் கண்டதும் சுத்தமான நீர் என்று நம்புவது இதனால்தான் ஆபத்தானது.

பள்ளி அறிவியல் வகுப்பில் இதை எளிதாகக் காட்டலாம். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பையும், வண்ணமீன் கடையில் கிடைக்கும் மெத்திலீன் நீலத்தில் சில துளிகளையும் கலந்து, மூன்று புட்டிகளில் ஊற்ற வேண்டும். ஒன்றில் எதுவும் சேர்க்கக் கூடாது. இரண்டாவதில் நொறுக்கிக் கழுவிய சாதாரணத் தொட்டிக் கரி. மூன்றாவதில் மீன்தொட்டி வடிகட்டிக்கு விற்கும் கிளர்வூட்டிய கரியை, கறுப்பு நீர் வராத வரை கழுவிப் போட வேண்டும். அவ்வப்போது குலுக்கி ஒருநாள் வைத்திருந்தால், மூன்றாவது புட்டி மற்ற இரண்டையும்விடத் தெளிந்திருப்பதைப் பிள்ளைகள் காண்பார்கள். பிறகு, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை மூன்றிலும் நனைத்துப் பார்க்கச் சொல்லலாம். மூன்றிலும் எண் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்த நீலம் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கையுறை அணிவது நல்லது. அந்த நீரை எவரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது.

உப்பை நீக்க ஆர்.ஓ. சவ்வும், அது ஒதுக்கும் அடர் உப்புநீரை வற்றவைக்கும் ஆவியாக்கிகளும் தேவைப்படுகின்றன. திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையங்களில் செலவு ஏறுவது இங்கேதான். ஆனால் இதே இடத்தில் கரியின் குறை ஒரு நன்மையாகவும் மாறக்கூடும். சாயக் குளியலுக்கு எப்படியும் உப்பு வேண்டும். அடர் உப்புநீரிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் நீக்கிவிட்டால், அதை ஆவியாக்காமலே அடுத்த குளியலுக்குப் பயன்படுத்த முடியும். சாயத்தைப் பிடித்து உப்பை விட்டுவிடும் பொருள்தான் இதற்குத் தேவை. பட்டுக்கு ஏற்றும் அமிலச் சாயங்களும் கவனிக்கத்தக்கவை. பருத்தியைப்போல் அவற்றுக்குப் பெருமளவு உப்பு வேண்டியதில்லை. குளியலும் கார நிலையில் இல்லாமல் அமில நிலையில் இருக்கும். ஆகவே சிறிய அளவில் பட்டு நூலுக்குச் சாயமேற்றும் கூடங்களில் ஒரு கரி உருளை செய்யக்கூடிய நன்மை, பருத்திச் சாயக்கூடத்தில் செய்வதைவிட அதிகம்.

பிடித்த சாயம் எங்கே போகிறது?

கரி சாயத்தை அழிப்பதில்லை; நீரிலிருந்து எடுத்துத் தன்னிடம் சேர்த்துவைக்கிறது. ஆயிரம் லிட்டரில் பரவியிருந்தது சில கிலோ கரியில் அடர்ந்து நிற்கிறது. அந்தக் கரியைக் குப்பைமேட்டில் கொட்டினால், மழைநீரும் மாறும் பி.எச். அளவும் சாயத்தின் ஒரு பகுதியை மீண்டும் அவிழ்த்துவிடும்.

குருணைக் கரியை மீட்க முடியும். காற்றைக் கட்டுப்படுத்திய உலையில் 800 டிகிரிக்கு மேல் நீராவியோடு சூடாக்கினால், பிடித்த சாயம் சிதைந்து வெளியேறி, துளைகள் மீண்டும் திறக்கின்றன. ஒவ்வொரு முறையும் எடையில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு இழப்பாகும். இந்த உலைக்கு முதலீடும், வெளியேறும் வாயுவை எரித்துத் தூய்மைப்படுத்தும் ஏற்பாடும் வேண்டும் என்பதால், தனித்தனிப் பட்டறைகளைவிடப் பல ஆலைகள் சேர்ந்து நடத்தும் பொது நிலையத்துக்கே அது கட்டுப்படியாகும். பொடிக் கரியை இப்படி மீட்பது அரிது. அது சேற்றோடு கலந்துவிடுவதால், உரிமம் பெற்ற எரியூட்டிக்கோ, அத்தகைய கழிவை ஏற்கும் சிமென்ட் சூளைக்கோ அனுப்ப வேண்டியிருக்கும்.

விவசாயிகளிடம் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். மண்ணில் கரி சேர்ப்பது நல்லது என்ற கருத்து இப்போது பரவி வருகிறது. சுத்தமான தாவரக் கரிக்கு அது பொருந்தவும் கூடும். ஆனால் சாயநீரில் பயன்பட்ட கரி வேறு பொருள். சில சாயங்களில் செம்பு போன்ற உலோகங்கள் மூலக்கூறின் பகுதியாகவே இருக்கின்றன. அசோ சாயங்கள் காற்றில்லாத ஈரமண்ணில் அமீன்களாக உடையக்கூடும். விலையில்லாமல் கிடைத்தாலும், எருக்குழியிலோ வயலிலோ தென்னை மரத்தடியிலோ அதைப் போடக் கூடாது. பள்ளிச் சோதனையில் மிஞ்சிய ஒரு பிடி கரியையும் பூந்தொட்டியில் கொட்டாமல், உலர்த்தி, மூடிய உறையில் கட்டி, ஆய்வகத்தின் மற்ற வேதிக்கழிவோடு சேர்த்துவைப்பதே முறை.